ஸ்னோமொபைல் கார்புரேட்டர்: கழற்றாமல் ஒப்பேற்றுவதா, கழற்றி அலசுவதா, மெக்கானிக்கிடம் விடுவதா?

கோடை முழுவதும் கொட்டகையில் கிடந்த பழைய ஸ்னோமொபைலை, அதாவது பனிமேல் ஓடும் வண்டியை, முதல் பனி விழுந்ததும் வெளியே எடுத்தால், அது அடம்பிடிக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கை இழுத்துக் கயிற்றைச் சுண்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. சோக்கைத் தளர்த்திய மறுகணம் இருமிவிட்டு அணைந்துபோகிறது. வேகம் கூட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் அணைந்துவிடுகிறது. இந்த நிலையில் வண்டிக்காரர் முன் சில வழிகள் இருக்கின்றன: பெட்ரோலில் கிளீனர் திரவத்தை ஊற்றி ஓட்டிப் பார்ப்பது, வண்டியில் இருந்தபடியே ஸ்பிரே அடிப்பது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்களைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வது, கேளா ஒலி அலைகளால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் இடுவது, புதிதாகவே வாங்கி மாட்டிவிடுவது, மெக்கானிக்கிடம் விடுவது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அடைப்பு எந்தத் துளையில் இருக்கிறது என்பதும், தாம் ஊற்றும் திரவம் அந்தத் துளையைச் சென்றடையுமா என்பதும்தான் தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

பழைய இருவீச்சு எஞ்சின் வண்டிகளில் அதிகம் காணப்படுவது மிகுனி நிறுவனத்தின் வி.எம். வகை, அதாவது த்ராட்டிலுக்கேற்ப ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு உருளையாக உள்ள கார்புரேட்டர். அதற்குப் பின் தட்டை ஸ்லைடு கொண்ட டி.எம். வகை வந்தது. இரண்டிலும் த்ராட்டிலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு பாகம் பொறுப்பேற்கிறது. ஐடிலிலும், அதாவது த்ராட்டிலைத் தொடாதபோது எஞ்சின் மெல்ல ஓடும் நிலையிலும், அதற்குச் சற்று மேலும் பைலட் ஜெட் என்ற நுண்துளையுள்ள பித்தளைத் துண்டும், அதோடு சேரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூ என்ற திருகும் ஆள்கின்றன. த்ராட்டில் திறப்பில் எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடிவிளிம்பில் சாய்வாக வெட்டப்பட்ட பகுதி முக்கியம். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஜெட் ஊசியும் அது நுழையும் நீடில் ஜெட்டும் பெட்ரோலை அளந்து விடுகின்றன. முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட்டின் ஆட்சி. இவை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் கவிந்திருக்கும் என்றாலும், எந்தக் கட்டத்தில் எஞ்சின் தடுமாறுகிறது என்று கவனித்தால் எந்தப் பாகத்தைப் பார்ப்பது என்பது தெரிந்துவிடும். சோக்கை விட்டதும் அணைகிற எஞ்சினுக்குப் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது என்று கார்புரேட்டரைத் திறக்காமலேயே ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஏனெனில் சோக்கு தனிப் பாதை வழியாகக் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்து, ஊமையாகிவிட்ட பைலட் பாதையின் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது.

கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை நிரப்புவதும், பெட்ரோல் வடிகட்டியை மாற்றுவதும், கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் கழுத்துகளை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று தேடுவதும் அரைமணி நேர வேலை. அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்து, பிறகு ஒரு நாளை இழந்தவர்கள் பலர்.

பெட்ரோலில் கலக்கும் கிளீனர் திரவத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உழைப்பு குறைவு, எதையும் கழற்ற வேண்டியதில்லை என்பதால் எல்லோருக்கும் இதன்மேல் ஆசை. ஆனால் பெட்ரோல் ஓடும் பாதையில் மட்டுமே அதில் கலந்த திரவமும் ஓடும். பைலட் ஜெட் பாதி சுருங்கியிருந்தால், ஓடுகிற மீதிப் பாதி வழியே திரவம் போய்ப் படிவை மெல்லக் கரைக்கக்கூடும். முழுதாக அடைத்திருந்தால் அந்தத் துளைக்குள் ஒரு சொட்டும் போகாது, பிறகு எதைக் கரைப்பது? அடைப்பு மிக லேசானதாக இருக்கும்போதும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைச் சுத்தமாக வைத்திருக்கவும் இது உதவும். ஐடிலில் ஓடாமல் அணைந்துவிடும் வண்டிக்கு இது மருந்தன்று என்பதே என் முடிவு. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: பாதி கரைந்த படிவின் துணுக்கு அங்கிருந்து நகர்ந்து மெயின் ஜெட்டில் போய் உட்கார்ந்தால், ஐடிலில் இருந்த குறை முழு வேகத்துக்கு இடம் மாறிவிடும். ஐடிலில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் நின்றுவிடும், அவ்வளவே. முழு வேகத்தில் குறைந்தாலோ பிஸ்டன் உருகிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது, கார்புரேட்டர் வண்டியிலேயே இருக்க, அதன் அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தை மட்டும் கழற்றி ஸ்பிரே அடிப்பது. கிண்ணத்தின் அடியில் தேங்கிய துருத்தூளையும் நீரையும் துடைத்தெடுக்கவும், மெயின் ஜெட்டை மாற்றவும் இந்த வழி போதும். சில வண்டிகளில் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றினாலே மெயின் ஜெட் கைக்கு எட்டிவிடும். பைலட் ஜெட்டைப் பொறுத்தவரை இந்த வழியை நான் நம்புவதில்லை. ஒரு குளிர்காலத்தில், குனிந்தபடி கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்து இரண்டு முறை ஸ்பிரே அடித்தேன். ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு மறுநாள் பழைய பல்லவியையே பாடியது. மூன்றாம் முறை கழற்றி, அந்தப் பித்தளை ஜெட்டை இரு விரல்களுக்கிடையே பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. துளை தெரிந்தது, ஆனால் அது வட்டமாக இல்லை. தேய்பிறை நிலவைப் போல ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் வெளிச்சம். ஊசி முனையளவே உள்ள துளையின் சுவரில் தேன் நிறத்தில் ஒரு பிசின் இறுகியிருந்தது. ஸ்பிரே அதன் மேற்பரப்பைக் கழுவியிருந்ததே தவிர, அதைக் கரைக்கும் அளவுக்கு அங்கே தங்கவில்லை.

ஆகவே, கழற்றிக் கையால் சுத்தம் செய்வதுதான் வீட்டில் செய்யக்கூடியவற்றுள் பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தமான வழி என்று கருதுகிறேன். முதல் தடவை இரட்டைக் கார்புரேட்டர் வண்டியில் இதற்கு அரை நாளுக்கு மேல் ஆகும். இரண்டாம் தடவை அதில் பாதி போதும். காற்றுப் பெட்டியை எடுத்துவிட்டு, பெட்ரோல் குழாய்கள், காற்றோட்டக் குழாய்கள், சோக்குக் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சில மாடல்களில் கார்புரேட்டர் உறையாமலிருக்க எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் அதன் உடல் வழியாகச் செல்லும்; அந்தக் குழாய்களும் இருந்தால் அவற்றை அடைத்துவைக்கும் ஏற்பாட்டோடு தொடங்குவது நல்லது. மேல்மூடியைத் திருகி எடுத்ததும் ஸ்லைடும் ஊசியும் த்ராட்டில் கேபிளில் தொங்கியபடி வெளியே வரும். அவற்றைச் சுத்தமான துணியில் சுற்றி ஓரமாக விட வேண்டும். அந்த ஊசி லேசாக வளைந்துவிட்டால் பிறகு எந்த ட்யூனிங்கும் எடுபடாது.

திருப்புளி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மிகுனியின் நான்முனைத் திருகுகள் ஜப்பானிய ஜே.ஐ.எஸ். தரத்தில் வெட்டப்பட்டவை. பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் திருகுபோலவே இருந்தாலும், பிலிப்ஸ் திருப்புளியை வைத்து அழுத்தித் திருகினால் முனை வழுக்கி மேலேறித் தலையைச் சிதைத்துவிடும். அதேபோல, பைலட் ஜெட் ஆழமான குழிக்குள் இருப்பதால், அதன் வெட்டுக்குச் சரியான அகலமுள்ள தட்டைத் திருப்புளி வேண்டும். குறுகலானதை வைத்துத் திருகினால் பித்தளை பிய்ந்து வந்துவிடும், ஜெட் உள்ளேயே தங்கிவிடும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் அதை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, எத்தனை சுற்று போனது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இறுக்கி முடிக்கக் கூடாது. அதன் கூர்முனையும், அது அமரும் துளையும் நசுங்கிவிடும்.

கழற்றிய ஜெட்டுகளைக் கிளீனரில் ஊறவைத்து, நைலான் இழையாலோ ஜெட்டுகளுக்கென்றே விற்கும் மெல்லிய கம்பியாலோ மென்மையாக வருடி, பிறகு காற்றழுத்தத்தால் ஊத வேண்டும். துளையிடும் பிட்டையோ எஃகுக் கம்பியையோ விட்டுக் குடைவது பெருந்தவறு. பித்தளை மென்மையான உலோகம். துளை மயிரிழை அகலமானாலும் அதன் மேல் எழுதிய, ஜெட்டின் அளவைக் குறிக்கும் எண் பொய்யாகிவிடும். ஜெட்டுகளைவிட மறக்கப்படுவது உடலுக்குள் ஓடும் பாதைகள்தான். ஸ்லைடின் விளிம்புக்கருகே எஞ்சின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்துளைகள் இருக்கும். ஏர் ஸ்க்ரூ இருந்த துளையில் ஸ்பிரேயை அடிக்கும்போது பைலட் ஜெட்டின் இருக்கையிலும் இந்த நுண்துளைகளிலும் தாரையாகப் பீய்ச்சி வர வேண்டும். வந்தால் பாதை திறந்திருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. அந்தத் தாரை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரப்பர் ஓ ரிங்குகளையும் மிதவைகளையும் கிளீனரில் படவிடக் கூடாது. பட்டால் அவை ஊதிப் பெருத்துவிடும். மிதவை பொருத்தியிருக்கும்போது காற்றழுத்தத்தையும் பயன்படுத்தக் கூடாது.

அல்ட்ராசோனிக் தொட்டி இந்தக் கையுழைப்பின் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கழற்றும் வேலையும் மாட்டும் வேலையும் அப்படியேதான் இருக்கும். ஜெட், திருகு, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நீக்கிய வெற்றுடலை, அலுமினியத்துக்கு ஏற்ற சோப்புக் கரைசலில், ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பத்துப் பதினைந்து நிமிடங்களாகச் சில சுற்றுகள் விட்டால், கைக்கும் இழைக்கும் எட்டாத மூலைகளிலிருந்து அழுக்கு புகைபோல வெளியேறுவதைப் பார்க்கலாம். காரம் மிகுந்த கரைசலில் அலுமினியம் கறுத்துப்போகும். பெட்ரோலையோ தீப்பற்றும் வேறு எதையுமோ அந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது. என் கருத்தில், ஒரே வண்டி வைத்திருப்பவர் இதை வாங்கத் தேவையில்லை. பல ஆண்டுகள் கிடப்பில் இருந்து உள்ளே பச்சைப் படிவு ஏறிய கார்புரேட்டர், அல்லது மூன்று நான்கு வண்டிகள் உள்ள வீடு என்றால் கணக்கு மாறும்.

கார்புரேட்டரையே புதிதாக வாங்கிவிடலாமே என்ற யோசனை, அசல் பாகம் கிடைத்தால் தவறில்லை. மலிவான நகல்களை நான் வாங்கமாட்டேன். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் ஜெட்டின் துளையோ ஊசியின் சரிவோ மாறியிருந்தால், தயாரிப்பாளர் தரும் ஜெட் அளவு அட்டவணையை வைத்துக்கொண்டு அதை ட்யூன் செய்வது இருட்டில் கறுப்புப் பூனையைத் தேடுவதற்குச் சமம். உடலில் வெடிப்போ, ஸ்லைடு தேய்ந்த பள்ளமோ இல்லாத பழைய அசல் கார்புரேட்டருக்குப் புதிய கேஸ்கட்டும், புதிய மிதவை ஊசியும் அதன் இருக்கையும் போட்டால் அதுவே மேல்.

மெக்கானிக்கிடம் விடுவது எப்போது என்பதற்கு எனக்குத் தெளிவான ஓர் எல்லைக்கோடு உண்டு. சுத்தம் செய்து, அட்டவணைப்படி ஜெட்டுகளைப் போட்ட பிறகும், த்ராட்டிலை விட்டதும் எஞ்சின் சுற்று உடனே இறங்காமல் மேலேயே தொங்கினால், எங்கோ கூடுதல் காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள். ரப்பர் கழுத்து நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் கிராங்க் ஷாஃப்ட் சீல்கள், அதாவது எஞ்சினின் சுழல் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையங்கள். அதை உறுதிசெய்ய எஞ்சினை அடைத்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அதற்கான கருவிகள் இல்லாதவர், அந்தக் குறையைப் பெரிய ஜெட் போட்டு மறைக்க முயல்வதைவிட வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைத் தேடுவதே நல்லது. கூலன்ட் குழாய் பிணைப்புகளையோ நான்கு கார்புரேட்டர் வரிசைகளையோ கண்டு தயங்குகிறவர்களும் அவ்வாறே செய்யலாம். அதில் இழுக்கு ஏதுமில்லை. அதற்கு விலை காத்திருப்புதான். பனி விழுந்த முதல் வாரத்தில் எல்லோருடைய வண்டியும் அங்கேதான் நிற்கும்.

இனி ட்யூனிங். அழுக்கான கார்புரேட்டரை ட்யூன் செய்வதென்பது தவறான தராசுக்கு ஏற்ப எடைக்கற்களை மாற்றுவது போன்றது. அடைத்த பைலட் ஜெட்டுக்கு ஈடாக ஏர் ஸ்க்ரூவைத் திருகியும் ஐடிலை உயர்த்தியும் வைத்தவர், பிறகு சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். எனவே மாட்டும்போதே அட்டவணை சொன்ன அளவுகளில் தொடங்குவதே சரி. மிதவையின் உயரம் சரியா என்று பார்க்க, வி.எம். வகையில், கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவைக் கையின் கோடு கேஸ்கட் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்லைடை இறக்கும்போது சாய்வாக வெட்டிய விளிம்பு காற்றுப் பெட்டியின் பக்கம் நோக்க வேண்டும். அதன் நெடும்பள்ளம் உடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளையில் பொருந்த வேண்டும். இடது, வலது ஸ்லைடுகள் மாறிப்போனாலோ முளையில் பொருந்தாமல் நின்றாலோ ஸ்லைடு அடிவரை அமராது. கயிற்றைச் சுண்டியதும் எஞ்சின் உச்சக் குரலில் அலறும். ஆகவே, எஞ்சினைக் கிளப்புமுன் த்ராட்டிலைப் பலமுறை அழுத்தி விட்டு, ஒவ்வொரு முறையும் இரு ஸ்லைடுகளும் 'டக்' என்று அடியில் விழும் ஒலியைக் கேட்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் சுவிட்சும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கார்புரேட்டர்கள் இரண்டும் ஒரே கணத்தில் திறக்கின்றனவா என்று பார்க்க, ஒரே தடிமனுள்ள இரண்டு கம்பிகளை ஸ்லைடுகளின் அடியில் வைத்து த்ராட்டிலை மெல்ல அழுத்தினால் போதும். இரண்டும் ஒருசேரத் தளர வேண்டும். கேபிளைத் தொட்டிருந்தால் ஆயில் பம்பின் நெம்புகோல் அதன் குறிக்கோட்டோடு ஒத்திருக்கிறதா என்பதையும் பார்க்காமல் விடக் கூடாது. கார்புரேட்டர் நன்றாக இருந்தும் எண்ணெய் போதாமல் எஞ்சின் இறுகிப்போவதற்கு அது வழி.

மெயின் ஜெட்டின் அளவை முடிவு செய்ய மூன்று வழிகள் உண்டு: தயாரிப்பாளரின் அட்டவணை, ஸ்பார்க் பிளக்கைப் படிப்பது, எக்சாஸ்ட் வெப்பமானி. அட்டவணை வெப்பநிலையையும் கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும் கொண்டு அளவைச் சொல்கிறது. அதன் அடிப்படை எளிது. குளிர்ந்த காற்று அடர்ந்தது. 0 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட, மைனஸ் 30-இல் அதே கன அளவுக் காற்று ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதல் எடையுள்ளது. காற்று அடரும்போது கார்புரேட்டர் இழுக்கும் பெட்ரோலும் தானாகவே கொஞ்சம் கூடுவதால், ஈடுகட்ட வேண்டியது அதில் பாதி, சுமார் 6 சதவீதம். 0 டிகிரியில் 250 எண் மெயின் ஜெட் சரியாக இருந்த எஞ்சினுக்கு மைனஸ் 30-இல் 265-ஐ ஒட்டிய ஒன்று வேண்டியிருக்கும் என்பது இதனால்தான். மலையேறினால் காற்று மெலிந்து ஜெட் சிறியதாக வேண்டும். மலைமேல் சிறிய ஜெட்டோடு நன்றாக ஓடிய வண்டியை அப்படியே பள்ளத்தாக்கின் கடுங்குளிருக்குக் கொண்டுவந்து முழு த்ராட்டிலில் விடுவது, பிஸ்டனை எரிக்க மிகச் சுருக்கமான வழி.

பிளக்கைப் படிப்பது அட்டவணையைச் சரிபார்க்கும் கருவி. அதன் இடத்தைப் பிடிக்கும் மாற்று ஆகாது. புதிய பிளக்கைப் போட்டு, திறந்த பனிவெளியில் கொஞ்ச தூரம் முழு த்ராட்டிலில் ஓட்டி, த்ராட்டிலை விடாமலே சுவிட்சால் எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் வெளுத்திருந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), கரி ஈரமாகப் படிந்திருந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்), பழுப்பாக இருந்தால் நலம். இன்றைய பெட்ரோலில் நிறம் ஏற நேரம் பிடிப்பதால், பிளக் துளை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனின் தலையையும் பார்ப்பதே எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. பெட்ரோல் உள்ளே வரும் துவாரங்களை ஒட்டிக் கரி படியாமல் கழுவிவிட்டதுபோன்ற சிறு பிறைகள் இருந்தால் நல்லது. தலை முழுவதும் காய்ந்த கரியாக, பிறையே இல்லாமல் இருந்தால் பெரிய ஜெட்டுக்குப் போக வேண்டும். வெப்பமானி, பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கும் அடிக்கடி உயரம் மாறும் மலைப்பகுதிகளில் ஓட்டுகிறவர்களுக்கும் பயன்படும். உணரியைப் பொருத்தும் இடத்தைப் பொறுத்து எண் மாறுவதால், இன்னொருவருடைய எண்ணை அப்படியே பின்பற்றுவது ஆபத்து. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் கொள்ள வேண்டுமானால் அட்டவணையையே கொள்வேன். ஐயம் எழும்போது ஒரு படி பெரிய ஜெட்டின் பக்கம் சாய்வேன். காற்றுப் பெட்டி பொருத்தப்படாத நிலையில் எடுத்த எந்த முடிவும் செல்லாது; அது இல்லாமல் எஞ்சின் லீனாகவே ஓடும்.

ஐடிலை எஞ்சின் சூடேறிய பிறகு திறந்தவெளியில் சரிசெய்ய வேண்டும்; மூடிய கொட்டகையில் எக்சாஸ்ட் புகை உயிரைப் பறிக்கும். காற்றுப் பெட்டி பக்கம் உள்ள ஏர் ஸ்க்ரூவை வெளியே திருகினால் லீன், உள்ளே திருகினால் ரிச். முழுதும் உள்ளே திருகிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்த இடத்தில் தொடங்கி, கால் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் சுற்று உச்சத்தை எட்டும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஐடில் திருகால் வேகத்தை இறக்க வேண்டும். அந்த உச்சம் இரண்டரைச் சுற்றுக்கு வெளியே போய் நின்றால் பைலட் ஜெட் பெரியது. அரைச் சுற்றுக்குள்ளேயே நின்றால் அது சிறியது, அல்லது இன்னும் அடைத்திருக்கிறது. இடைவேகத்தில் மட்டும் தடுமாற்றம் இருந்தால் ஜெட் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை அன்றைய வெப்பநிலையோடு ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. அந்தத் தாளை நான் வண்டியின் கருவிப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

பருவம் முடியும்போதும் ஒரு தேர்வு இருக்கிறது: பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோலைக் கார்புரேட்டர் வரை ஓடவிட்டு அப்படியே நிறுத்துவதா, கிண்ணங்களை வடித்துவிடுவதா. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும்; கிண்ணத்தில் தேங்கிய சிறிதளவு பெட்ரோல் கோடையில் ஆவியானபின் எஞ்சுவது அந்தத் தேன் நிறப் பிசின்தான். டேங்கில் ஸ்டெபிலைசர் ஊற்றி, கலவை கிண்ணங்களை எட்டும்வரை எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி அணைத்து, பிறகு பெட்ரோல் வரத்தை நிறுத்திக் கிண்ணங்களின் அடித்திருகைத் திறந்து வடித்துவிடுவதென்று இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். வடிக்கும்போது ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தால், அடியில் உருண்டு நிற்கும் நீர்த்துளிகளும் துருத்தூளும் கண்ணுக்குத் தெரியும். அவை தெரிந்தால் கார்புரேட்டரை அப்போதே கழற்றிவிடுவது நல்லது. கோடையில் அந்த வேலைக்கு அவசரம் எதுவும் இருக்காது.